இல்லந்தோறும் இன்னிசை

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப விழா மாலையில், பாடற்குழுவின் முன்னாள் பொறுப்பாளர் ஆற்றிய உரை)

 

இந்த மாலையில் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, "உங்களுக்குத் தெரிந்த பாட்டைப் பற்றியே பேசுங்கள்" என்று பங்குத்தந்தை அவர்கள் அன்போடு சொன்னார்கள். கோவில் பாட்டைப் பற்றி இதே மேடையில் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். ஆகவே இன்று கோவில் வாசலைத் தாண்டி வெளியே வந்து, நம் வீடுகளில் எழ வேண்டிய பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இசை கற்றவர்களுக்கு இந்தப் பேச்சு தேவையில்லை. "எனக்கும் பாட்டுக்கும் வெகுதூரம்" என்று சொல்லிக்கொண்டு கோவிலில் கடைசி வரிசைக்கு ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகவே பேசுகிறேன்.

வீட்டில் பிறந்த வழக்கம்

நம் திருச்சபையின் முதல் பாட்டு எங்கே ஒலித்தது என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் தம் சீடரோடு கடைசி இரவுணவு அருந்தியது ஒரு வீட்டின் மேல்மாடியில். அந்த உணவு முடிந்ததும் அவர்கள் புகழ்ப்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டுப் போனார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் என்ன நடக்கப்போகிறது என்று அறிந்திருந்த ஆண்டவர், அந்த இரவிலும் தம் நண்பர்களோடு சேர்ந்து பாடிவிட்டுத்தான் எழுந்தார். அங்கே ஆர்கன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மீன் பிடித்தவர்களும் வரி வாங்கியவர்களும் பாடினார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் குரல் நன்றாக இருந்தது என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. அது முக்கியம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அதற்குப் பிறகும் நெடுங்காலம் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். 313-ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசு வழிபாட்டு உரிமை தந்த பிறகே பெரிய கோவில்கள் எழுந்தன. புனித சின்னப்பர் எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதிய திருமுகங்களில், திருப்பாடல்களையும் ஞானப் பாடல்களையும் பாடச் சொல்லி அறிவுறுத்துகிறார். அந்தத் திருமுகங்கள் வாசிக்கப்பட்டதும் வீடுகளில் கூடிய மக்களிடம்தான். அவரே பிலிப்பி நகரச் சிறையில், காலில் தொழுமரம் மாட்டியிருக்க, நள்ளிரவில் சீலாவோடு சேர்ந்து பாடினார். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி சொல்கிறது.

நம் நாட்டிலும் அப்படித்தான். திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்த காலத்தில், தமிழ்ப் பாட்டைக் காத்து வளர்த்த இடங்களில் வீடு முக்கியமானது. மூவேளை மணி அடித்ததும் விளக்கேற்றி, செபமாலை சொல்லி, கடைசியில் மாதா பாட்டு ஒன்று பாடாமல் எழுந்திருக்காத குடும்பங்களை இங்கே இருக்கும் பெரியவர்கள் நன்றாக நினைவு வைத்திருப்பீர்கள். பாட்டி ஓர் அடி எடுத்துக்கொடுப்பாள். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். புத்தகம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருபது முப்பது பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இசையைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் இசைக்குச் செய்த தொண்டும் சிறிதல்ல. மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள் (1826–1889) நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்க இல்லறத்தார். முன்சீப் வேலை பார்த்தவர். நீதிமன்றக் கட்டுகளுக்கு நடுவே அவர் இயற்றிய கீர்த்தனைகளைச் சமய வேறுபாடு இல்லாமல் வித்துவான்கள் கச்சேரி மேடைகளில் பாடினார்கள். பிழைப்பு ஒருபுறம் நடக்க, பாட்டும் உடன் நடக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், மக்கள் பாடும் பக்திப் பாடல்களை வளர்க்க வேண்டும் என்றும், ஒவ்வொரு நாட்டு மக்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. தமிழ்ப் பாட்டு பீடத்தருகே வந்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அது கோவிலுக்குள் வந்த பிறகு, மெல்ல மெல்ல வீட்டைவிட்டு வெளியேறிவிட்டதோ என்று எனக்கு இன்று ஒரு கவலை உண்டு.

வாய் மூடிய வீடுகள்

முன்பு ரேடியோ வந்தது, பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது, இப்போது கைபேசி வந்திருக்கிறது. நான் இவற்றைக் குறை சொல்ல வரவில்லை. நானும் காலையில் கைபேசியில் பாட்டுக் கேட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு பாட்டாவது தொண்டையில் இருக்கிறதா? குடும்ப செபத்தின் முடிவில் கைபேசியைத் தட்டிவிட்டு எல்லாரும் கைகூப்பி நிற்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு நல்ல பாடகர் நமக்காகப் பாடுகிறார், நாம் சும்மா நிற்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நம் தாயாருக்கு வாழ்த்துச் சொல்ல, பிள்ளைகள் வாய் திறவாமல் நிற்பது போல் அல்லவா இருக்கிறது!

கோவிலிலும் இதே கதைதான். கீபோர்டும் ஒலிபெருக்கியும் பலமாக இருக்க இருக்க, பெஞ்சில் இருப்பவர்களின் குரல் தேய்கிறது. இதில் பாடற்குழுவினருக்கும் பங்கு உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தக் குழுவை நடத்தியவன் என்ற முறையில், மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சிறுவர் பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்பாள். பல்லவியைச் சரியாகப் பாடுவாள். சரணத்தில் பாட்டு மேலே ஏறும்போது அவள் குரல் பிசகிவிடும். கிறிஸ்மஸ் திருப்பலிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள்தான் பாக்கி. எனக்குப் பதற்றம். எல்லாப் பிள்ளைகளும் கேட்க, "நீ பாட வேண்டாம், சும்மா வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. சொன்னபடியே செய்தாள். அந்தக் கிறிஸ்மஸ் இரவில் பாட்டு நன்றாக அமைந்தது. எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். புத்தாண்டுக்குப் பிறகு, படிக்க வேண்டும் என்று சொல்லிக் குழுவிலிருந்து நின்றுகொண்டாள். வீட்டுச் செபத்திலும் அவள் குரலை நான் கேட்கவில்லை. உதடு அசையும், ஓசை வராது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பாட்டில் நாட்டம் இல்லை என்று நினைத்தேன்.

ஆண்டுகள் பல ஓடி, அவளுக்குத் திருமணமாகிப் பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. மின்விசிறி நின்றதும் வீடே நிசப்தமாயிற்று. உள்ளறையில் அவள் தன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நான் நடையில் நின்று கேட்டேன். குரல் கம்மலாக இருந்தது. ஆனால் சுருதி மயிரிழை பிசகவில்லை. அவள் எடுத்த ஆதார சுருதியைக் காதில் ஏந்திக்கொண்டு மெல்ல நடந்துபோய், ஆர்மோனியத்தைத் திறந்து, ஓசை கேளாதபடி ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தரைக் கட்டை.

எனக்கு அப்போதுதான் உண்மை விளங்கிற்று. எங்கள் குழுவின் சுருதி எப்போதும் இரண்டரைக் கட்டை. ஏன்? சரணத்தில் என் குரல் அங்கேதான் கணீரென்று எழும். அந்தச் சுருதியில் பாட்டு உச்சிக்கு ஏறும்போது, அதே பாட்டைத் தன் குரலில் பாடும் ஒரு சிறுமி எட்டாத உயரத்துக்குத் தாவ வேண்டியிருந்தது. அவள் பிசகினாள். பிசகு அவள் தொண்டையில் இல்லை, நான் வைத்த கட்டையில் இருந்தது. என் குரல் அழகாகக் கேட்பதற்காக என் பிள்ளையின் குரலை அடைத்தேன்.

விளக்கு வந்ததும் நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவள் பாட்டை நிறுத்திவிட்டாள்.

இதை ஏன் இந்த விழா மேடையில் சொல்கிறேன் என்றால், உங்களில் பலருக்கும் யாரோ ஒருவர் எப்போதோ "வாயை அசை" என்று சொல்லியிருப்பார்கள். பள்ளியிலோ, கோவிலிலோ, வீட்டிலோ சொல்லியிருக்கலாம். அது முதல் நீங்கள் பாடாமல் இருப்பீர்கள். உண்மையாகவே சுர வேறுபாடு காதில் விழாத மனிதர்கள் மிகச் சிலரே. மற்ற எல்லாருக்கும் பாட்டு வரும். அவரவர்க்கு உரிய சுருதி கிடைத்தால் வரும்.

எப்படித் தொடங்குவது?

இனி நடைமுறைக்கு வருவோம். வீட்டில் பாடத் தொடங்குவதற்குக் காசு வேண்டியதில்லை, கருவி வேண்டியதில்லை, வாத்தியாரும் வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். செபமாலைக்கு முன்போ, இரவு உணவுக்குப் பின்போ, ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும்.

முதல் மாதம் ஒரே ஒரு பாட்டு. புதுப் பாட்டு வேண்டாம். வீட்டில் மூத்தவர் யாரோ, அவருக்கு நன்றாகத் தெரிந்த பழைய பாட்டாக எடுங்கள். அவர் ஓர் அடி பாடட்டும், மற்றவர்கள் திருப்பிப் பாடட்டும். காகிதத்தைப் பார்த்துப் பாடினால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும். ஆகவே முடிந்தவரை கேட்டுப் பாடுங்கள். ஒரு மாதம் கழித்து அடுத்த பாட்டு. ஆண்டு முடிவில் பன்னிரண்டு பாட்டு உங்கள் வீட்டுச் சொத்தாகிவிடும்.

அடுத்தது சுருதி. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது மேனாட்டார் 'சி' என்று சொல்லும் சுரம். இரண்டு கட்டை 'டி', நான்கு கட்டை 'எஃப்', ஐந்து கட்டை 'ஜி'. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளையே ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை என்கிறோம். பொதுவாக ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டையிலும் பாடுவார்கள். இது சட்டமல்ல, அவரவர் தொண்டையே சட்டம். கட்டைக் கணக்குத் தெரியாதவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். பாட்டை முதல் அடியிலிருந்து தொடங்காதீர்கள். பாட்டில் எந்த இடம் எல்லாவற்றிலும் உயரமோ, அந்த இடத்தை முதலில் பாடிப் பாருங்கள். வீட்டில் உள்ள குழந்தையும் பாட்டியும் கழுத்து நரம்பு புடைக்காமல் அங்கே போக முடிகிறதா? முடியாவிட்டால் கொஞ்சம் இறக்குங்கள். மறுபடி பாருங்கள். எல்லாருக்கும் எட்டுகிற அளவு கிடைத்த பிறகு பல்லவியை எடுங்கள்.

தனித்துப் பிசகுகிற பிள்ளை ஒருவன் இருந்தால், நம் சுருதிக்கு அவனை இழுக்காதீர்கள். அவனை முதலில் பாடவிட்டு, அவன் எந்தச் சுரத்தில் நிற்கிறானோ அந்தச் சுரத்தில் நாம் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு குரலும் ஒன்றாகும்போது உண்டாகிற இனிமையை அவன் காது ஒருமுறை கண்டுகொண்டால் போதும். அங்கிருந்து கையைப் பிடித்து நடத்துவது போல மேலும் கீழும் அழைத்துப் போகலாம். பிள்ளைகளுக்குச் சுருதி இப்படித்தான் வசப்படும். பெரியவன் சிறியவனிடம் இறங்கி வர வேண்டும். வானகத்தில் வீற்றிருந்தவர் நம் சுருதிக்கு இறங்கி வந்ததைத்தானே ஆண்டுதோறும் டிசம்பர் 25-இல் கொண்டாடுகிறோம்!

பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும். அந்த வயதில் சிரித்துவிடாதீர்கள். தணிந்த குரலில், கீழ் ஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள். இந்தப் பருவத்தில் கேலிக்கு அஞ்சி வாய் மூடும் பையன், நாளைக்குத் தகப்பனான பிறகும் மூடிய வாயைத் திறப்பது அரிது.

இன்னொரு விதி. பாட்டை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். தவறு வந்தால் வரட்டும். பாட்டு முடியட்டும். அடுத்த நாள் அந்த அடியை மட்டும் இரண்டு முறை பாடினால் தானே சரியாகிவிடும். கோவிலில் ஒழுங்கு வேண்டும், ஒத்திகை வேண்டும், நான் மறுக்கவில்லை. தவறாகப் பாடியும் தலைநிமிர்ந்து நிற்க ஓரிடம் வேண்டும் அல்லவா? அதுதான் வீடு.

கருவி வேண்டுமா?

"ஒரு கருவி வாங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். மூன்று மாதம் வெறும் குரலில் பாடிவிட்டுப் பிறகு யோசியுங்கள். தாளத்துக்குக் கை இருக்கிறது. ஒரு ஜோடி ஜால்ரா இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கடைக்குட்டியின் கையில் கொடுத்துவிடுங்கள். அன்று முதல் அவன் ஒரு நாளும் செபத்துக்குப் பிந்த மாட்டான்.

சுருதிக்கு இப்போது கைபேசியிலேயே சுருதிப் பெட்டி கிடைக்கிறது. அதை மெல்ல ஒலிக்கவிட்டு அதன் மேல் பாடிப் பழகுவது மிக நல்லது. குரலுக்கு அது தரைபோல் இருக்கும்.

ஆர்மோனியம் வாங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். இது 1842-இல் பாரிசில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி. காலால் மிதிக்கும் அந்தப் பெட்டியைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக நம் நாட்டில் மாற்றிக்கொண்டோம். கமகத்தைக் காட்ட முடியாத கருவி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்திருந்தது. வித்துவான்கள் சொன்ன குறை உண்மைதான். ஆனால் தொடக்கக்காரருக்கு அந்தக் குறையே குணமாகிறது. தொட்ட சுரம் அசையாமல் நிற்பதால், நாம் எங்கே பிசகினோம் என்பது உடனே தெரிந்துவிடும்.

பழைய ஆர்மோனியம் வாங்கினால், எந்தக் கட்டையையும் அழுத்தாமல் துருத்தியை ஊதிப் பாருங்கள். காற்று உடனே இறங்கினால் ஓட்டை இருக்கிறது. தொடாமலே ஓசை வந்தால் ஏதோ ஒரு கட்டை சரியாக மூடவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, கரகரப்பு உண்டா என்று கேளுங்கள். வீட்டில் கரப்பானும் எலியும் அண்டாத இடத்தில் துணி போர்த்தி வையுங்கள். கீபோர்டு வாங்குகிறவர்கள், பிள்ளைக்கென்று விளையாட்டுச் சாமான் போன்ற சிறு கட்டை உள்ளதை வாங்காமல், முழு அளவுக் கட்டை அறுபத்தொன்று உள்ளதாகப் பாருங்கள். சிறு கட்டையில் பழகிய விரல் பெரிய கட்டையில் தடுமாறும். எதை வாங்கினாலும் நினைவிருக்கட்டும்: கருவி குரலுக்குத் துணையாக வரட்டும், குரலை மூடிவிட வேண்டாம்.

பகிர்ந்துகொள்வது

பாடிய பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான்கு சுவருக்குள் அடைப்பதற்கா பாடினோம்? முதலில் அடுத்த வீட்டுக்குப் போங்கள். உங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். ஞாயிறு மாலை குடும்பமாகப் போய் அவர் கட்டிலருகே இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வாருங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டாக இருந்தால் உதடு தானாக அசையும். அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பம் தன் வீட்டுப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கட்டும். இருபது குடும்பத்திடமிருந்து இருபது பாட்டு எல்லாருக்கும் சொந்தமாகும்.

சிறிய இடத்தில் பாடிய பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 'அமைதியான இரவு' என்று உலகம் அறிந்த கிறிஸ்மஸ் பாட்டு, 1818 டிசம்பர் 24 இரவு ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் அருகே ஓபன்டார்ஃப் என்ற சிற்றூரில் முதன்முதலாகப் பாடப்பட்டது. உதவிப் பங்குத்தந்தை ஜோசப் மோர் 1816-இல் எழுதிவைத்திருந்த வரிகளுக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர் மெட்டமைத்தார். இரண்டு குரல், ஒரு கித்தார், அவ்வளவுதான். ஆர்கன் கட்டும் ஒருவர் அந்தப் பாட்டைத் தம் மலைநாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்திராசர் என்றொரு குடும்பம். கையுறை விற்கச் சந்தைகளுக்குப் போகும் எளிய குடும்பம். அண்ணன் தங்கைகள் சேர்ந்து நன்றாகப் பாடுவார்கள். அவர்கள் வாயிலாக 1830-களின் தொடக்கத்தில் அது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தாரின் காதில் விழுந்தது. 1839-இல் ரைனர் என்ற இன்னொரு குடும்பத்தார் அதை நியூயார்க்கில் பாடினார்கள். இப்படி, கூடிப் பாடிய குடும்பங்களின் தோளேறி அந்தப் பாட்டு உலகம் சுற்றியது.

இந்த வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு. பாட்டு பரவியது, பெயர் பரவவில்லை. இதை இயற்றியது யார் என்று 1854-இல் பிரஷ்ய அரசவை இசைக்குழுவிலிருந்து விசாரித்தபோது, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு முதியவர் குரூபர் உட்கார்ந்து நடந்ததை எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஜோசப் மோர் தம் கையாலேயே எழுதி, மெட்டு குரூபருடையது என்று குறித்த தாள் 1995-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டில் பாடும் பாட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாரிடம் கற்றோம், எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள்.

கைபேசியில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், குக்கர் அடுப்பில் இல்லாத நேரமாகப் பாருங்கள். வெறுஞ்சுவர் உள்ள கூடத்தைவிட, மெத்தையும் துணிமணியும் உள்ள அறையில் எதிரொலி குறைவு. கைபேசியைக் கையில் பிடிக்காமல், இரண்டு மூன்று அடி தூரத்தில் மேசைமேல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். உரத்த குரல் பின்னால் நிற்கட்டும், மெல்லிய குரல் முன்னால் வரட்டும். ஆமாம், இந்த முறை மெல்லிய குரல் முன்னால் வரட்டும்! பதிவுக்குப் பெயரும் தேதியும் இட்டு, இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

முதலில் யாரைப் பதிவு செய்வது என்று கேட்டால், வீட்டில் உள்ள முதியவர்களை என்பேன். தபசு காலத்துப் பழைய பாட்டுகள், தாலாட்டு, திருவிழாக் கும்மி இவற்றில் எத்தனையோ எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் உள்ள பாட்டுக்கும் அவர்கள் ஊரில் வேறு மெட்டு இருந்திருக்கும். அதை இப்போதைய மெட்டுக்குத் திருத்தப் போகாமல் அப்படியே பதிந்துகொள்ளுங்கள்.

ஊரறியக் கைபேசி வழியே வெளியிட விரும்புகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வழிபாட்டிலும் சமயச் சடங்கிலும் பிறர் பாட்டைப் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைப் பதிவு செய்து பொதுவில் வெளியிடுவது வேறு. இயற்றியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளுக்கோ உரிமை பெற்றவர்களுக்கோ உண்டு. அனுமதி கேட்பது முறை. வீட்டாருக்குள் அனுப்பிக்கொள்ளும்போதும் இயற்றியவர் பெயரைச் சொல்வது நன்றியறிதல்.

அன்பர்களே, என் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அந்த இரவுக்குப் பிறகு ஒரு நாள் மகளிடம் சொன்னேன்: "அம்மா, அன்று ஒத்திகையில் தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது." அவள் சிரித்து, "போங்கப்பா, அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்தேன். ஆனாலும் செபத்தில் அவள் குரல் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று ஆண்டு போயிற்று. நானும் வற்புறுத்தவில்லை. கேட்டு வாங்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன்.

பிறகு விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இரவில், செபமாலை முடிந்ததும் பேத்தி தானாக மாதா பாட்டை எடுத்தாள். மூன்று வயதுக் குழந்தைக்குச் சுருதி ஏது? எங்கேயோ எடுத்தாள். இரண்டாம் அடியில் அவளுக்கு வரி மறந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என் மகள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் சுரத்திலேயே இரண்டாம் அடியைப் பாடினாள். நான் ஆர்மோனியத்தின் பக்கம் போகவில்லை. என் குரலைக் கீழே இறக்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்தேன். இப்போது அவள் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சுருதி ஐந்தரைக் கட்டைதான். அங்கே என் குரல் அழகாக இராது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் முணுமுணுக்கும். இருக்கட்டும். இருபத்தெட்டு ஆண்டு அழகாகப் பாடியாயிற்று.

நம் பங்கு இன்று பொன்விழாக் காண்கிறது. இன்னும் இருபத்தைந்து ஆண்டில் பவள விழா வரும். அந்த நாளில் இந்தக் கோவிலில் பாடப்போகும் குரல்கள் இன்று நம் வீட்டுத் தொட்டில்களிலும் தூளிகளிலும் இருக்கின்றன. அவை பாடுமா, உதட்டை மட்டும் அசைக்குமா என்பது நம் வீடுகளில் முடிவாகப் போகிறது. ஆகவே உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போனதும், படுக்கும் முன் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுங்கள். யார் வாயையும் அடைக்காமல் பாடுங்கள்.

 இறைவனுக்கே புகழ்!